வெதுவெதுவென்றிருந்த பாட்டில்

மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'அலாரம் மேடம்'. கல்லூரியில் முதலாண்டு வேதியியல் நடத்துகிறவள். எந்நேரமும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டது போல ஒரு பரபரப்பு. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் பாதியில் எழுந்துபோய் எதையாவது மூடிவிட்டு வருவாள். "உட்கார்ந்து சாப்பிட்டா உடம்புல ஒட்டாதா?" என்பான் கணவன்.

இரண்டு தடவை கட்டடத்தையே காலி பண்ண வைத்து மூக்குடைபட்டவள். முதல் தடவை எரிவாயுக் கசிவு என்று அலறினாள். ஒரு மாணவி அளவில்லாமல் அடித்துக்கொண்டு வந்த சென்ட் அது. அடுத்தது, யாரோ கருகவிட்ட ரொட்டி. "மூணாவது எப்போம்மா?" என்று துறைத்தலைவரே சிரித்துக்கொண்டு கேட்பார்.

அன்று வகுப்பில் வெப்ப இயக்கவியல். "ஒரு வினை நடக்கும்னு கணக்கு சொல்லும். எப்போ நடக்கும்னு சொல்லாது. காகிதம் காற்றோட சேர்ந்து எரியத்தான் பார்க்குது. ஆனா உங்க புத்தகம் சும்மாதானே கிடக்கு? நடுவுல ஏற வேண்டிய மேடு ஒண்ணு இருக்கு. அதுக்கான ஆற்றல் கிடைக்கிற வரைக்கும் சத்தமே வராது."

"அப்போ பயப்பட வேண்டாம் மேடம்!" என்றது பின்வரிசை. வகுப்பே சிரித்தது. இவளும் சிரித்தாள், மனசு மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் ஆய்வகத்துக்குப் போனாள். மாணவர்கள் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நச்சுப்புகையை வெளியே இழுக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் நைட்ரிக் அமிலக் கழிவு பாட்டில் இருந்தது. நகர்த்தி வைக்கலாமென்று தொட்டாள். வெதுவெதுவென்றிருந்தது.

"இதுல யார் என்ன ஊத்தினீங்க?"

ஒரு மாணவி தயங்கி முன்னே வந்தாள். "நான்தான் மேடம். ஆல்கஹால் கழிவு பாட்டில் நிறைஞ்சிருந்துச்சு, மிச்சத்தை இதுல ஊத்தி இறுக்கி மூடிட்டேன். ஒண்ணும் ஆகலையே?"

நைட்ரிக் அமிலத்தில் ஆல்கஹால். முதலில் ஒன்றும் ஆகாது. உள்ளே மெல்லச் சூடு பிறக்கும். அந்தச் சூடு வினையை விரட்டும். விரட்டப்பட்ட வினை இன்னும் சூட்டைக் கக்கும். வாயு வெளியேற வழியில்லை. திறக்கும்போதே முகத்தில் வெடிக்கலாம். மூடியைத் திறக்கப் போன கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். பெட்டியின் கண்ணாடியைக் கீழே இறக்கினாள்.

"எல்லாரும் வெளியே போங்க! பையெல்லாம் எடுக்காதீங்க, ஓடுங்க!"

வாசலில் துறைத்தலைவர் எதிரே வந்தார். "மூணாவதும் வந்தாச்சா?"

"சார், கழிவு பாட்டில் சுடுது."

"வெயில் பட்டிருக்கும்மா. நான் பார்க்கிறேன், வழி விடு."

"விட மாட்டேன் சார்!" கதவுக்குக் குறுக்கே கையை விரித்து நின்றாள். அவரிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் முகம் சுருங்கியது. மாணவர்களையும் அவரையும் அவள் வெளிமுற்றம் வரை தள்ளாத குறையாக நகர்த்திக்கொண்டு போனாள்.

நேரம் போனது. ஒரு சத்தமும் இல்லை. கூட்டத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள், யாரோ கேலியாகச் சிரித்தார்கள். அவளுக்குள் சந்தேகம் அரித்தது. நிஜமாகவே வெயில்தானோ? இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தால் என்ன? கால் தானாகவே கதவுப் பக்கம் நகர்ந்தது.

படாரென்றது. ஜன்னல்கள் அதிர்ந்தன. ஜன்னல் வழியே பார்த்தார்கள். பெட்டியின் கண்ணாடி விரிசல் விட்டாலும் உடையவில்லை. அதற்குப் பின்னால் பழுப்புப் புகை சுருண்டது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

அந்த மாணவி அழுதாள். "கேட்டதும் மறைக்காம சொன்ன பாரு, அதனாலதான் எல்லாரும் முழுசா நிக்கிறோம்," என்று ஆசிரியை அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். துறைத்தலைவர் முகத்தைத் துடைத்தார். "நான் உள்ளே போயிருப்பேன்மா," என்றார்.

அடுத்த வாரமே வாயு கசிய வழியுள்ள மூடிகள் வந்தன. அமிலமும் ஆல்கஹாலும் வெவ்வேறு அறைக்குப் போயின.

செய்தி கேட்ட கணவன், "இனிமே உன்னை யாரு கிண்டல் பண்ணப் போறா? ஜெயிச்சுட்டியே!" என்றான்.

அவள் முகம் மலரவில்லை. "ஜெயிக்கலைங்க. இன்னும் கொஞ்ச நேரம் சத்தம் வராம இருந்திருந்தா, நானே உள்ளே போயிருப்பேன்."