எகிப்துக் கோயிலில் மூன்று சுற்று

போன வருடம், நியூஜெர்சியில் குளிர் விட்டும் விடாமலும் இருந்த ஒரு சனிக்கிழமை. வெஸ்ட் வின்ட்சரில் நான் பாடம் எடுக்கும் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியின் பிள்ளைகளை ஒரு மஞ்சள் பஸ்ஸில் ஏற்றி, நியூயார்க்கில் இருக்கும் ஒரு பெரிய மியூசியத்துக்குக் கூட்டிப் போனோம். பழைய எகிப்தைக் காட்டும் ஒருநாள் சுற்றுலா. அங்கே மம்மிகள் மட்டுமில்லை, நைல் நதிக்கரையில் இருந்த ஒரு கோயிலையே கல் கல்லாகக் கழற்றிக் கொண்டுவந்து, கண்ணாடிக் கூடத்துக்குள் மறுபடி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள்.

எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். விருதுநகர் பக்கத்திலிருந்து படித்து வந்து, இங்கே வேலை பார்த்துக்கொண்டு, நாலு பேர் தங்கள் பிள்ளைகளை நம்பி அனுப்பும் அளவுக்கு வந்திருக்கிறேன். மியூசியம் கைடு இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, நான் தமிழில் சொல்ல வேண்டும். அதற்காக ஒரு வாரம் படித்துத் தயாராகியிருந்தேன். கூட வந்த இன்னொரு ஆசிரியர், "கொஞ்சம் கேப் விடுங்க, கைடும் ஏதாவது பேசட்டும்" என்று கிண்டல் செய்தார்.

என் பொறுப்பில் ஆறு பிள்ளைகள். அதில் சின்னவள் ஃபர்ஸ்ட் கிரேடு படிப்பவள். பஸ் கிளம்பும் முன் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இல்லாம எங்கயும் போனதில்லைங்க. பசிச்சாக்கூட வாயத் திறக்க மாட்டா. கூட்டத்துல தெரியட்டும்னுதான் லைட் ஷூ போட்டு விட்டிருக்கேன்."

நடந்தால் குதிகாலில் சிவப்பு விளக்கு மின்னும் ஷூ. நான் பார்த்துக்கொள்கிறேன், கவலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

கோயில் முன்னால் நின்றதும் பிள்ளைகள் அசந்து போனார்கள். எதிரே குளம் மாதிரி தண்ணீர் கட்டி வைத்திருந்தார்கள். இது ஒரு அம்மன் கோயில், ஆற்றங்கரையில் இருந்தது, அணை கட்டியபோது மூழ்கிவிடக் கூடாது என்று இங்கே கொண்டுவந்தார்கள் என்று நான் சொன்னேன். சின்னவள் என் குர்தாவை இழுத்தாள்.

"இஸ் ஷி ஸ்டில் இன்சைட்?"

அம்மன் இன்னும் உள்ளே இருக்கிறாளா என்று கேட்கிறாள். கைடு அடுத்த கூடத்துக்கு நகர ஆரம்பித்துவிட்டார். என் குழுவில் ஒருவன் வேறு வாட்டர் பாட்டிலைக் கொட்டியிருந்தான். "ஆமாடா கண்ணு, இருக்காங்க. வா வா" என்று சொல்லிவிட்டு அதைத் துடைத்தேன்.

மம்மிகள் இருக்கும் அறைக்கு வந்து எண்ணினேன். ஐந்து பேர்தான் இருந்தார்கள். மறுபடி எண்ணினேன். கூட இருந்த பிள்ளைகளைக் கேட்டால், பின்னால் வந்துகொண்டிருந்தாள் என்றார்கள். மற்ற ஐவரையும் அந்த ஆசிரியரிடம் விட்டுவிட்டு, வந்த வழியே ஓடினேன். விடுமுறை நாள் கூட்டம். எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் அவள்போலவே இருந்தது. அவள் அம்மா பிடித்த கை மட்டும் இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தது.

கோயில் கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்த ஷூதான். தண்ணீரை ஒட்டிய கல்விளிம்பில் ஜோடியாக வைத்திருந்தது. உள்ளே சாக்ஸ் சுருட்டி வைத்திருந்தது. குழந்தை இல்லை.

அந்தத் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன். அதற்குள் யாரோ என் தோளைப் பிடித்து நிறுத்தினார்கள். வயதான காவலர் ஒருவர், பெண். முழங்கால் அளவுகூட இல்லாத தண்ணீரம்மா, நீ தேடும் பிள்ளை அதில் இல்லை, அங்கே பார் என்று கோயிலின் பின்பக்கம் கையைக் காட்டினார்.

சுவரை ஒட்டி, வெறுங்காலோடு, கை கூப்பிக்கொண்டு, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தபடி வந்துகொண்டிருந்தாள். ஒரு கால் தண்ணீரில் நிற்கும் என்னைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"ஆன்ட்டி, யூ டிட்ன்ட் டேக் ஆஃப் யுவர் ஷூஸ்."

கோயிலில் நான் ஷூவைக் கழற்றவில்லையாம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவளைக் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். காவலர் நடந்ததைச் சொன்னார். தனியாக ஷூ கழற்றுவதைப் பார்த்துப் பக்கத்தில் போய்க் கேட்டாராம். இவள் கோயிலைக் காட்டி, மூன்று விரலை நீட்டி, மூன்று சுற்று சுற்ற வேண்டும் என்றாளாம். அழவில்லை, பயப்படவுமில்லை. அதனால் ரேடியோவில் தகவல் சொல்லிவிட்டு, யாராவது தேடி வரும்வரை அவள் பின்னாலேயே நடந்தவர், நான் தண்ணீரை நோக்கி ஓடியதைப் பார்த்துத்தான் முன்னால் வந்திருக்கிறார்.

போகலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டி, "ஒன் மோர்" என்றாள். சாக்ஸாவது போட்டுக்கொண்டால் சுற்றலாம் என்றார் காவலர். மூன்றாவது சுற்றை நாங்கள் மூன்று பேருமாக நடந்தோம். என் ஈர ஷூ சளக் சளக் என்றது. அவ்வளவு நிம்மதியாக நான் எந்தக் கோயிலையும் சுற்றியதில்லை.

திரும்பும் பஸ்ஸில், பிள்ளைதான் கிடைத்துவிட்டாளே, அவள் அம்மாவை ஏன் பயமுறுத்த வேண்டும் என்றார் அந்த ஆசிரியர். சின்னவளும் வாயைத் திறக்கமாட்டாள்தான். ஆனாலும் பார்க்கிங்கில் இறங்கியதும் நானே சொல்லிவிட்டேன். அந்த அம்மா மகளின் முகத்தையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "வீட்ல விளக்கேத்தக் கூப்பிட்டா கெஞ்சணும். அங்க போய்ச் சுத்தினாளா?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த ட்ரிப்புக்கு நானும் வரேங்க. உங்கள நம்பாம இல்ல" என்றும் சொன்னார். அதில் எனக்கு வருத்தமே வரவில்லை.

இப்போதெல்லாம் ஒரு குழந்தை எதைக் கேட்டாலும், செய்கிற வேலையை நிறுத்திவிட்டு அதன் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறேன். வகுப்பு முடிந்து கடைசிப் பிள்ளையும் காரில் ஏறிப் போகும்வரை வாசலில் நிற்பது எனக்கு ஒரு வேலையாகவே தெரிவதில்லை. அன்றைக்குத் திரும்பக் கிடைத்ததை ஒவ்வொரு சனிக்கிழமையும் மறுபடி பெற்றுக்கொள்வதாகத்தான் தோன்றுகிறது.