முப்பத்து மூன்று முட்டைகள்

காம்பஸைக் குறுக்கே வைத்தால் வளையத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. நெடுக்கே திருப்பினால் ஒரு கால் அந்தரத்தில் நின்றது. ஜின்லுவான் டேப்பை எடுத்தாள். அகலம் இருபத்தொரு சென்டிமீட்டர். உயரம் இருபத்தெட்டு.

"ஷெங் அண்ணே, இது என்ன?"

பட்டடைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த ஷெங், பாக்குச் சாற்றைக் காகிதக் கோப்பையில் துப்பிவிட்டு வந்தார். நாற்பத்தைந்து வருடமாக இரும்பு அடிக்கிறவர். கேள்வி அவருக்கு விளங்கவில்லை.

"என்னன்னா? வளையம்."

"வளையமா இது? முட்டை."

"முட்டைதான். நான் இல்லைன்னு சொன்னேனா? நீதானே முட்டை அடிக்கச் சொன்னே."

"நானா?"

"பின்னே யாரு? மூணு வாரமா உன்னைத் திட்டாத நாள் கிடையாது. வட்டம்னா கூம்புல மாட்டி நாலு தட்டு தட்டினா முடிஞ்சது. முட்டைக்குக் கூம்புக்கு எங்க போறது? ஒவ்வொண்ணையும் கண்ணால பாத்துப் பாத்து வளைச்சேன். முப்பத்து மூணு முட்டை! யாரை இப்படி மென்னுக்கிட்டே இருக்கேன்னு என் பொண்டாட்டி கேட்டா. லுவானைத்தான்னேன். அப்புறம், பாக்கப் பாக்க எனக்கே பிடிச்சுப் போச்சு. இவ ஏதோ யோசிச்சுத்தான் பண்ணியிருப்பான்னு விட்டுட்டேன்."

சுவரோரமாக மாடிப்படிக்கான பதினொரு இரும்புக் கிராதிப் பலகைகள் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றிலும் மூன்று வளையங்கள். வளையத்துக்குள் பாகற்கொடி. ஒரு சுருள், இரண்டு இலை, ஒரு காய். பாகற்காய் நீண்டு பீர்க்கங்காய் ஆகியிருந்தது. இலை எந்தச் செடியின் இலையும் இல்லை. வேலை மட்டும் முதல் தரம். ஒரு பூண் கூட இளகி நிற்கவில்லை. அதைப் பார்த்ததும்தான் அவளுக்குக் கோபம் ஏறியது. இவ்வளவு நன்றாக ஒரு தப்பைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

"நான் கொடுத்த பழுப்புத் தாள் எங்கே?"

"ஆபீஸ்லேருந்து வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. திருத்தினதுன்னு இதைக் கொடுத்தாங்க."

மேசைமேல் அசல் அளவுத் தாள் விரித்துக் கிடந்தது. சூடான இரும்பை வைத்து வைத்து எடுத்ததில் அங்கங்கே கருகியிருந்தது. அவள் கையால் வரைந்தது இல்லை, மெஷினில் அச்சடித்தது. கோடுகள் அவளுடையவைதான். யாரோ கம்ப்யூட்டரில் ஏற்றி, தலையையும் காலையும் பிடித்து இழுத்திருந்தார்கள். எண்பத்திரண்டு சென்டிமீட்டர் கிராதி நூற்றுப் பத்து ஆகியிருந்தது. ஆனால் எண்களைத் திருத்த மறந்துவிட்டார்கள். வளையத்தின் பக்கத்தில் அவள் எழுதிய 'விட்டம் 21' அப்படியே இருந்தது.

"விட்டம் இருபத்தொண்ணுன்னு எழுதியிருக்கே, அதைப் பாக்கலையா?"

"அசல் அளவுத் தாள்ல எழுத்தை எவன் படிப்பான்? இரும்பை மேல வச்சுப் பாக்கறதுதான்."

"சந்தேகம்னு ஒரு போன் போட்டிருக்கலாமே?"

"முத்திரை இருக்கே, லுவான். உன் முத்திரை. முத்திரை இருக்கறப்ப நான் எதுக்குக் கேக்கணும்?"

தாளின் வலது மூலையில் சிவப்பாக அவள் பெயர். முத்திரையின் இடது மேல் ஓரத்தில் சின்ன உடைசல். அது கீழே விழுந்து உடைந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. கையெழுத்துக்குப் பதில் குத்தும் பிளாஸ்டிக் முத்திரை. வேலைக்குச் சேர்ந்த வாரமே பார்சல் வாங்க, லீவ் எழுத என்று அலுவலக இழுப்பறையில் போட்டு வைத்தது. எல்லோருடைய முத்திரைகளும் அங்கே ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. பத்தொன்பது வருடமாகக் கிடந்தது. நல்ல முத்திரை, கொம்பில் செதுக்கியது, அவள் கைப்பையில் இருந்தது.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றார் ஷெங். "ஆஸ்பத்திரியில கீழ ரெண்டு அடுக்குல இருக்கற பழசையும் இன்னைக்கு மத்தியானம் வெட்டறாங்க. மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி இருக்கணுமாம். அதுக்கும் இதே அளவுல பன்னிரண்டு பலகை அடிக்கச் சொல்லியிருக்காங்க. உனக்குத் தெரிஞ்சுதான் நடக்குதுன்னு நெனச்சேன்."

அவள் தாளைச் சுருட்டி ஸ்கூட்டரின் முன்பக்கம் செருகிக்கொண்டு கிளம்பினாள். மணி பன்னிரண்டே கால்.

ஜின்லுவானுக்கு வயது ஐம்பத்து மூன்று. தைனான் நகரத்துக் கால்வாய்க்குப் பக்கத்தில் ஜன்னல் கம்பி செய்யும் கடையில் பதினேழு வயதில் வேலைக்குச் சேர்ந்தாள். மாதிரிப் புத்தகத்தைப் பார்த்து வாடிக்கையாளர்கள் மலை வேண்டும், மூங்கில் வேண்டும், கிடார் வேண்டும் என்பார்கள். அவள் ஜன்னல் அளவுக்கு வரைந்து தருவாள். ஒரு பல் டாக்டர் கடைவாய்ப் பல் வேண்டும் என்று கேட்டார், அதையும் வரைந்து கொடுத்தாள். கல்யாணம் செய்துகொண்டாள். ஏழு வருடத்தில் முடித்துக்கொண்டாள். மகள் வடக்கே கம்ப்யூட்டர் சில்லு செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறாள். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் லியாவ் கம்பெனியில் பெரியவர் லியாவ் இருந்தபோது சேர்ந்தாள். இப்போது மகன் நடத்துகிறான்.

கோபக்காரி என்று பெயர். காரணம் இல்லாமல் இல்லை. ஒருமுறை, பழைய கட்டட வேலைகளை மேற்பார்க்கும் அரசுக் கமிட்டிக்காரர் ஒருவர் பழைய பலகணிக் கம்பியைப் பார்த்து, "இதுல என்ன இருக்கு, எல்லாம் சுருள்சுருளா ஒண்ணுபோலத்தானே" என்றார். அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துப் போய் நாற்பது சுருளையும் தடவிப் பார்க்க வைத்தாள். வெயிலில் காய்ந்த இரும்பு. விரலில் கொப்புளம் வந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்கள். எழுதினாள். அதில் இரும்பு சூடாக இருந்ததற்கு மட்டும் வருத்தம் தெரிவித்திருந்தாள்.

இந்த மருத்துவமனைக் கிராதிக்கு அவள் இரண்டு மாதம் கொடுத்திருந்தாள். தொண்ணூறு வருடத்துக்கு முன் ஒரு டாக்டர் கட்டிய மூன்று மாடி வீடு. கீழே வைத்தியம், மேலே குடித்தனம். கசப்பு மருந்து கொடுக்கிற வீட்டுக்குப் பாகற்கொடி போட வேண்டும் என்று யோசித்தவன் யார் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. கீழ் இரண்டு அடுக்கில் கிராதி அப்படியே நின்றது. மேல் அடுக்கில் எப்போதோ பிடுங்கிவிட்டார்கள். அதற்குத்தான் புதிதாக வரைந்தாள். உயரம்தான் தகராறு. இன்றைய விதிப்படி நூற்றுப் பத்து வேண்டும். அவள் ஒரு வழி சொன்னாள். பழையதைத் தொட வேண்டாம். புதியதும் அதே எண்பத்திரண்டில் இருக்கட்டும். பின்னால் நான்கு விரல் தள்ளி, தனியாக ஒரு மெல்லிய கம்பி நூற்றுப் பத்தில் ஓடட்டும். அலங்காரம் இல்லாத வெறும் கம்பி. எது பழசு, எது விதிக்காக வந்தது என்று குழந்தைக்கும் தெரியும். கமிட்டி ஒத்துக்கொண்டது. அதன் பிறகுதான் அவளைப் பெங்ஹு தீவுக்கு வேறொரு வேலைக்கு மூன்று வாரம் அனுப்பினார்கள்.

மருத்துவமனை வாசலில் வெல்டர் மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தான். வெட்டும் மெஷின் முதல் படியில் கிடந்தது. வயர் ஏற்கெனவே செருகியிருந்தது. அவள் வயரைப் பிடுங்கினாள்.

"அக்கா, சாப்பிட்டுத்தான் ஆரம்பிப்பேன். அவசரமே இல்லை" என்றான் அவன்.

"நீ சாப்பிடு. நல்லா மென்னு சாப்பிடு. எங்கே உங்க முதலாளி?"

மகன் லியாவ் மாடித் திருப்பத்தில் நின்றிருந்தான். கையில் பூசணி டீ. அவள் சுருட்டிய தாளைப் பார்த்ததும் டீயைக் கைப்பிடிமேல் வைத்தான்.

"அக்கா எப்ப வந்தீங்க? தீவுல காத்து எப்படி?"

"கோப்பையைக் கிராதி மேலேருந்து எடு."

எடுத்தான்.

"தம்பி, யாரைக் கேட்டு என் முத்திரையைக் குத்தினே?"

"நீங்க ஊர்ல இல்லை. பட்டறையில வேலை நிக்கக் கூடாது. கோடு எல்லாம் உங்களுது. உயரம் மட்டும்தான் மாத்தினோம்."

"உயரம் மட்டும் மாத்தினியா? உன்னையும் தலைக்கும் காலுக்கும் பிடிச்சு இழுத்து அங்குலம் அங்குலமா நீட்டிட்டு, ஆள் அவர்தான், உயரம் மட்டும்தான் மாத்தினோம்னு உங்க வீட்டுல கொண்டுபோய் விடவா?"

வெல்டர் கீழே சிரித்தான். லியாவ் சிரிக்கவில்லை.

"உங்க வெறுங்கம்பியைப் பாத்துட்டு மேலிடத்துலேருந்து வந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? குளியலறைக் கம்பி மாதிரி இருக்குன்னார். ஆஸ்பத்திரிக் கழிவறையில கிழவங்க பிடிச்சுக்கறது மாதிரி. அதுவும் இல்லாம, ஒவ்வொரு மொசைக் படியிலேயும் துளை போடணும். ஒண்ணு விரிஞ்சா யார் பதில் சொல்றது? திறப்பு விழாவுக்கு முப்பத்தாறு நாள். ஒரே கிராதியா மேலேருந்து கீழ வரைக்கும் போட்டா எல்லாத் தொல்லையும் தீருது."

"பழசை என்ன பண்ணுவே?"

"பத்திரமா எடுத்து வைப்போம்."

"எங்கே? கோடௌன்லயா? அங்கே மூணு கோவில் கதவு கிடக்கு, உங்க அப்பா பத்திரமா எடுத்து வச்சது. போய்ப் பாரு, கோழி முட்டை வச்சிருக்கு."

"வட்டமா நீளமான்னு யார் அக்கா குனிஞ்சு பாக்கப் போறாங்க? படி ஏறுறவன் படியைப் பாப்பான்."

இந்த இடத்தில் அவள் குரல் இறங்கியது. அவளைத் தெரிந்தவர்கள் குரல் இறங்கினால்தான் பயப்படுவார்கள்.

"நான் இப்ப நேரா கமிட்டிக்குப் போறேன். இந்தத் தாளைக் காட்டறேன். முத்திரை நான் குத்தினது இல்லைன்னு எழுதிக் கொடுக்கறேன். அது பொய் முத்திரை. உன் லைசென்ஸ் போகும்."

"போகும்" என்றான் லியாவ். "வேலையும் நிக்கும். தார்ப்பாயைப் போட்டு மூடுவாங்க. சர்க்கரைக்காரர் வீடு மாதிரி."

அந்த வீட்டை அவளுக்குத் தெரியும்.

எட்டு வருடத்துக்கு முன் அது நடந்தது. ஒரு சர்க்கரை வியாபாரியின் வீடு. வேறு கம்பெனியின் வேலை. கம்பி விஷயத்தில் மட்டும் இவளைக் கருத்துக் கேட்டார்கள். அவள் தப்பைத் தப்பு என்று எழுதிக் கொடுத்தாள். விசாரணை நடந்தது. அவள் எழுதிய ஒவ்வொரு வரியும் சரி என்று தீர்ப்பு வந்தது. வருவதற்கு நான்கு வருடம் ஆனது. அதுவரை வீடு தார்ப்பாய்க்குள் நின்றது. நான்கு வருடப் புயல். தார்ப்பாயை எடுத்தபோது கூரையில் பாதி இல்லை. பலகணிக் கம்பிகளில் ஒன்று கூட இல்லை. துரு தின்றது எவ்வளவு, திருடன் தின்றது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. தீர்ப்புக் காகிதத்தை அவள் இன்னும் வைத்திருந்தாள். அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் கிழித்துப் போடத் தோன்றும்.

அவள் பழைய கிராதியின் வளையம் ஒன்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வெல்டர் சாப்பிட்டு முடித்துப் பெட்டியை ரப்பர் பேண்ட் போட்டு மூடும் சத்தம் கேட்டது.

"உனக்கு என்ன வேணும்?" என்றாள்.

அது பேரம் என்று லியாவுக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் விளங்கியது. பிறகு வேகமாகப் பேசினான். "மேல பதினொரு பலகையும் மாட்டணும். ஷெங் அடிச்சாச்சு, இனிமே வட்டத்துக்குப் பணம் இல்லை. தாள்ல உங்க பேர் இருக்கணும். நீங்களா குத்தின முத்திரையா இருக்கணும். நாளைக்கு யாரும் பொய்ன்னு சொல்லக் கூடாது."

"கீழ ரெண்டு அடுக்கையும் தொடக் கூடாது. ஒரு பூணைக் கூட. பின்னாடி வெறுங்கம்பி வரும். குளியலறைக் கம்பிதான். துளை நான் நின்னு போட வைப்பேன். அந்தப் பன்னிரண்டு பலகையும் ரத்துன்னு ஷெங்குக்கு இப்பவே போன் பண்ணு. என் எதிர்ல பண்ணு."

"படி விரிஞ்சா?"

"விரிஞ்சா என்னை விரிச்சுப் போட்டு மேல நட."

அவன் போன் செய்தான். மறுமுனையில் ஷெங் நல்ல வார்த்தை எதுவும் சொல்லவில்லை, அது அவளுக்கும் கேட்டது. போனை வைத்ததும் லியாவ் வெல்டரிடம் மெஷினை வண்டியில் ஏற்றச் சொன்னான்.

அவள் தாளைப் படியில் விரித்தாள். உடைசல் முத்திரையைப் பேனாவால் குறுக்கே அடித்தாள். பிறகு வளையத்தின் பக்கத்தில் இருந்த 'விட்டம் 21' என்பதை அடித்தாள். ஒவ்வொரு வளையமாக, மூன்று இடத்திலும், 'அகலம் 21, உயரம் 28' என்று எழுதினாள்.

"இது எதுக்கு அக்கா? சும்மா குத்தினாப் போதாதா?"

"முட்டையை முட்டைன்னு எழுதிட்டுத்தான் குத்துவேன். இல்லைன்னா உன் டப்பாவுல இருக்கறதை வச்சு நீயே குத்திக்கோ."

கைப்பையிலிருந்து கொம்பு முத்திரையை எடுத்தாள். மைப் பெட்டியைத் திறந்தாள். முத்திரை நேராக விழுந்தது. தன் பெயர் அந்த நீண்ட காய்களுக்குக் கீழே சிவப்பாகக் காய்வதை அவள் உட்கார்ந்து பார்த்தாள். லியாவ் நன்றி சொல்ல வாயெடுத்தான்.

"பேசாதே" என்றாள். "பேசினே, இந்த மைப் பெட்டியை உன் வாயில திணிப்பேன்."

மறுநாள் வியாழக்கிழமை. ஜின்லுவான் ஏழு மணிக்கு மீன் கஞ்சி சாப்பிட்டுவிட்டு எட்டுக்கு மருத்துவமனைக்கு வந்தாள். கீழ் இரண்டு அடுக்கில் வெறுங்கம்பிக்கான இடங்களைக் குறித்தாள். மொத்தம் இருபத்தாறு துளை. பத்து மணிக்கு ஷெங்கின் வண்டி வந்தது. மேல் அடுக்கில் மாலைக்குள் நான்கு பலகைகளை மாட்டினார்கள். கீழே ஒன்பது துளை போட்டார்கள். படி எதுவும் விரியவில்லை. மூன்று மணிக்கு மழை பெய்தது. அரை மணி நேரம் வேலை நின்றது. லியாவ் வரவில்லை. ஐந்தரைக்கு அவள் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.