வீட்டுக்குப் போன சால்டரிங் அயர்ன்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ‘உஷ் மிஸ்’ என்றுதான் பெயர். ஈ எறும்புகூட எட்டிப் பார்க்காத நூலகத்தில் யாரைப் பார்த்து ‘உஷ்’ சொல்வது என்று கேட்டால், வந்த நாலு பேரையும் விரட்டியதே அந்த உஷ்தான் என்பார்கள் மற்ற ஆசிரியர்கள். கேட்கும்போது அவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

வருஷக் கடைசிக்குள் பிள்ளைகள் வராவிட்டால் அறையைத் தேர்வுத்தாள் கட்டிவைக்க எடுத்துக்கொள்வதாகத் தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். அன்று வீட்டில் அதைச் சொல்லிப் புலம்பினாள்.

“புஸ்தகத்தப் பாத்தாதானே ஓடுறாங்க? ஸ்க்ரூடிரைவரக் காட்டிப் பாரேன்” என்றார் பஸ் ஓட்டும் கணவர். அவர் கிண்டலுக்குச் சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஜன்னலோர அலமாரிகளை நகர்த்தி, ஆய்வகத்தில் கழித்துக்கட்டிய மேசைகளைப் போட்டாள். சுத்தியல், குறடு, பேட்டரி, ஈயத்தை உருக்கி ஒயரை ஒட்டும் சால்டரிங் அயர்ன் எல்லாம் வந்து சேர்ந்தன. வாசலில் ‘மேக்கர்ஸ்பேஸ்’ என்று எழுதி ஒட்டினாள். பிள்ளைகளுக்கு அது பட்டறை. சத்தம் காதைப் பிளந்தது. ஒருநாள் பழக்கதோஷத்தில் “உஷ்” என்றாள். “சுத்தியல்கிட்ட சொல்லுங்க மிஸ்” என்றது ஒரு குரல். அவளாலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை.

அங்கேதான் அவளுடைய நூலகப் புத்தி வேலையைக் காட்டியது. வேறு யாராக இருந்தாலும் கருவிகளைப் பூட்டி வைத்திருப்பார்கள். இவளோ ஒவ்வொன்றுக்கும் புத்தகம் போல எண் ஒட்டி, தேதி முத்திரை குத்தி வீட்டுக்கு இரவல் கொடுத்தாள். வருஷக்கணக்காகக் கொடுத்தே பழகிய கை. அலமாரியிலேயே கிடக்கும் எதுவும் அவளுக்கு வீண்தான்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். செத்த டார்ச்சையெல்லாம் பிழைக்கவைப்பாள், அதனால் பெயரே டார்ச்சுக்காரி. முதலில் குறடு எடுத்துப் போனாள். அப்புறம் மின்சாரம் பற்றி ஒரு புத்தகம். அப்புறம் கதைப் புத்தகங்கள், ஒன்று முடிந்தால் இன்னொன்று. உஷ் மிஸ்ஸுக்கு மனசு குளிர்ந்துபோனது. இப்படி ஒருத்திக்காகத்தானே இத்தனை வருஷமாக உட்கார்ந்திருந்தாள்! அந்தப் பெண் சால்டரிங் அயர்னைக் கேட்டபோது யோசிக்கவே இல்லை. முத்திரை குத்திக் கொடுத்தாள்.

வீட்டில் டார்ச்சுக்காரி சுவிட்சை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்த நேரம், சூடு ஆறாத முனையை அவளுடைய குட்டித் தம்பி கை நிறையப் பிடித்துவிட்டான். உள்ளங்கையும் விரல்களும் வெந்துபோயின.

தலைமையாசிரியை கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். “பொண்ணு சொல்லாம எடுத்துட்டுப் போயிட்டதா எழுதிடலாமா? பட்டறை நிலைக்கும். உங்களுக்கும் பிரச்சனை இல்ல. அந்தப் பொண்ணே சரின்னுட்டா.”

அந்தப் பெண் சரி என்றதுதான் உஷ் மிஸ்ஸுக்குத் தாங்கவில்லை.

“நான்தான் குடுத்தேன் மேடம். என் கையால முத்திர குத்திக் குடுத்தேன்.”

அன்றைக்கே மேசைகள் வெளியே போயின. நூலகம் மறுபடி வெறிச்சோடியது.

சில வாரம் கழித்து டார்ச்சுக்காரியின் அம்மா மகளோடு வந்து நின்றாள். உஷ் மிஸ் பதறி எழுந்தாள்.

“தம்பிக்கு எப்படிம்மா இருக்கு?”

“விரல் மடங்கல. இன்னொரு ஆபரேஷன் பண்ணணும்னு சொல்றாங்க.”

“என்னைய நாலு வார்த்த திட்டிடுங்கம்மா.”

“திட்டி என்னங்க ஆகப்போகுது?” அம்மா பையிலிருந்து ஒரு கதைப் புத்தகத்தையும் மகளின் நூலக அட்டையையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். “இனிமே இவளுக்கு எதையும் குடுக்காதீங்க.”

“புத்தகம் மட்டுமாவது...”

“வேண்டாங்க. இங்கருந்து எது வீட்டுக்குள்ள வந்தாலும் எனக்குப் பயமா இருக்கு.”

அந்தப் பயத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். படிதாண்டும்போது டார்ச்சுக்காரி திரும்பினாள்.

“நான் பாதிதான் படிச்சேன் மிஸ். தொலஞ்சுபோன அந்தப் பையன் கடைசில வீடு வந்து சேந்துடுறானா?”

“சேந்துடுறான்மா” என்றாள் உஷ் மிஸ்.

கதையில் அவன் வந்து சேருவதில்லை.