வேண்டாம் என்று சொல்ல முடியாத இளநீர்

தொண்ணூற்றொன்பதாம் வருடம், பெங்களூர். கண்டோன்மென்ட் பக்கத்து மருத்துவமனை ஒன்றில், டயாலிசிஸ் அறைக்கு வெளியே என் முறைக்காகக் காத்திருந்தேன். இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறைய நின்றுவிட்டிருந்தன. "இனி அது திரும்பாது. ஆனா டயாலிசிஸ் பண்ணிக்கிட்டே வாழலாம்" என்று டாக்டர் சொல்லிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. யாரோடு வாழ்வது என்று அவரிடம் கேட்க முடியுமா? மர்பி டவுனில் எனக்கு ஒற்றை அறை. இயந்திரத்துக்குள் போகும் ரத்தம் சுத்தமாகித் திரும்பி வந்துவிடும். மனிதர்கள் அப்படி வருவதில்லை.

அன்று காலை, பீன்யா தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து லேத்தில் நின்றவர் வந்தார். நோயில் படுத்த பிறகு என்னைப் பார்க்க வந்த முதல் ஆள். பஸ் மாறி வந்த வியர்வை. கையில் இளநீர், வாசலிலேயே சீவி, ஸ்ட்ரா செருகி வாங்கியிருந்தார்.

"குடிப்பா. இது உள்ள போனா நீர் தன்னால பிரியும்."

அதிலிருக்கும் பொட்டாசியம் எனக்கு விஷம். வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறி, இதயத்தையே நிறுத்திவிடலாம் என்று எச்சரித்திருந்தார்கள். தெரிந்தும் வாங்கிக்கொண்டேன். வேண்டாமென்றால் அந்த முகம் வாடிவிடும், அப்புறம் வரமாட்டார். ஸ்ட்ரா உதட்டைத் தொட்டுவிட்டது.

பக்கத்தில் ஒரு பெண்மணி. அவரும் டயாலிசிஸுக்கு வருபவர்தான். என்னோடு ஒருநாளும் பேசியதில்லை. சட்டென்று இளநீரை என் கையிலிருந்து எடுத்து, கொண்டுவந்தவரிடமே நீட்டினார்.

"நீங்களே குடிங்கண்ணா. இந்த பெஞ்சுல உங்க கிட்னி ஒண்ணுதான் வேலை செய்யுது."

"எளநி கூடவா ஆகாது?"

"எங்களுக்கு ஆகாது. ஹார்ட்டு நின்னுடும்."

நண்பர் அவசரமாக இளநீரை வாங்கிக்கொண்டார். "அப்ப அடுத்த தடவ என்னதான்மா கொண்டார்றது?"

"கைய வீசிட்டு வாங்க. இவருக்கு யாரும் வர்றதில்ல."

அதை ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. நண்பர் எங்கள் நடுவே உட்கார்ந்து, தப்புச் செய்தவர்போலத் தலைகுனிந்து உறிஞ்சினார். எனக்கு நாக்கு வறண்டிருந்தது. ஆனாலும் சிரிப்பு வந்தது.

அடுத்த வாரம் வெறுங்கையோடு வந்தார். சில மாதங்கள் வந்தார். பிறகு வேலை மாறி வேறு ஊர் போய்விட்டார். என் சிறுநீரகங்கள் திரும்பவேயில்லை. ஆனால் தருவதை மறுத்த பிறகும் ஒரு மனிதர் நம்மைத் தேடி வரக்கூடும் என்று அப்போது தெரிந்துகொண்டதுதான், யாரும் வராத நாட்களிலும் என்னை அந்த இயந்திரத்தின் முன் கொண்டுபோய்ப் படுக்கவைக்கிறது.