போர்டு வந்து சேர்ந்த மத்தியானம்

பாத்திரம் கழுவும் மெஷின் எங்கள் வீட்டுக்கு வந்ததற்கு என் கைகள்தான் காரணம். சோப்புத் தண்ணீர் பட்டால் விரலிடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். கையுறை போட்டுக்கொண்டாலும் உள்ளே வியர்த்து எரியும். "தண்ணியில கையே வைக்கக் கூடாதும்மா" என்று தோல் டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. மூன்று வேளையும் அடுப்படியில் கிடப்பவளிடம் சொல்கிற பேச்சா அது? பெங்களூரில் இருக்கும் என் மகள் சிரிக்கவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் ஒரு மெஷினை வாங்கி அனுப்பிவிட்டாள். கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவுக்கே அதுதான் முதல். பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னாக்கா, பீரோவுல போய் எச்சில் தட்ட அடுக்கிக்கினு கீறீங்க" என்றாள்.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மெஷினைப் பார்த்து, "கரண்ட்டு ஜாஸ்தி குடிக்கும்" என்று முணுமுணுத்தார். ஆனால் நான் அதன் பொத்தானை அழுத்தும் சத்தம் கேட்டால் போதும், கூடத்திலிருந்து "ரைட்" என்பார். வேலையை விட்டாலும் அந்தச் சொல் மனிதரை விடவில்லை. சாப்பிட்டு எழுந்தால் ரைட், கதவைச் சாத்தினால் ரைட். மற்றபடி பேச்சு ரொம்பக் கம்மி. பஸ்ஸில் நாள் முழுக்கக் கத்தியதே போதும் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ, வீட்டுக்குள் வந்தால் வாயைத் திறக்க மாட்டார்.

இடஒதுக்கீடு கேட்டு மறுபடியும் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த சமயத்தில்தான் மெஷின் நின்றுபோனது. பொத்தானை அழுத்தினால் எல்லா விளக்கும் சேர்ந்து மினுக்கும், பிறகு அணைந்துவிடும். சேலத்திலிருந்து மெக்கானிக் வந்து கதவின் உள்பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை போர்டு, அதுதான் மெஷினுக்கு மூளையாம். அதன்மேல் ஒரு பல்லி, நாலு காலையும் பரப்பிக்கொண்டு கருகி ஒட்டிக் கிடந்தது.

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். "ஏம்மே, தலையில வுழுந்தா கலகம்னு பஞ்சாங்கத்துல போட்டுக்கீது. போர்டுல வுழுந்தா இன்னா பலன்?"

"உங்களுக்குத்தான் கெட்ட பலன். இனிமே யாரு தேய்க்கிறது?" என்றேன்.

புது போர்டு வெளியூரிலிருந்து வர வேண்டும், வந்ததும் போன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு மெக்கானிக் கிளம்பினார். மறுநாளே சின்னசேலம் பக்கம் பஸ்ஸை மறித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. போர்டு எப்போது வருமோ தெரியாது.

அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அவர் எழுந்து போய் அடுப்படி ஜன்னலைச் சாத்தினார். "கண்டக்டரு பாத்திரம் தேய்க்கிறாருன்னு ஊரு சிரிக்கும்" என்று சொல்லிக்கொண்டே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிமுன் நின்றார். நான் துணியோடு பக்கத்தில் நின்றேன். துடைப்பதற்கு என் கை தாங்கும். அவர் தேய்த்து, அலசி, என் பக்கம் நீட்டி "ரைட்" என்பார். நான் வாங்கித் துடைத்து அடுக்குவேன்.

அடடா, அந்த மனிதருக்குத் தண்ணீரில் கை இருந்தால் வாய் திறக்கும் என்பது அவ்வளவு வருஷமாக எனக்குத் தெரியாமல் போயிற்றே! முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கைக்கு வேலை இருக்கிறது. அவர் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தார். யாரோ ஆட்டுக்குட்டிக்கு டிக்கெட் எடுக்க மாட்டேன் என்று சண்டை போட்டது, ரிஷிவந்தியம் கோயில் திருவிழாவில் கூட்டம் படிக்கட்டோடு வண்டியைச் சாய்த்தது என்று ஒவ்வொன்றாக வந்தது. ரெண்டு பேர் சாப்பிட்ட தட்டுக்கு நான் வேண்டுமென்றே கூடுதலாக நாலு கிண்ணத்தை எடுத்துப் போட்டேன். பிறகு ஒரு நாள், குழம்புச் சட்டியின் அடியைச் சுரண்டிக்கொண்டே, "அப்ப மறியல்ல நானும் மலையில மாட்டிக்கினேனே" என்று அவரே தொடங்கினார்.

துடைத்து முடித்த டம்ளரையே நான் மறுபடியும் துடைக்க ஆரம்பித்தேன்.

இதே இடஒதுக்கீட்டுக்கான முதல் மறியல், எங்களுக்குக் கல்யாணமான அடுத்த வருஷம் நடந்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். கச்சிராயப்பாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறிய பஸ்ஸில் இவர் கண்டக்டர். மேலே போன வண்டி இறங்கவில்லை. எனக்கு நிறைமாசம். வலி எடுத்தபோது மாட்டுவண்டியில் படுக்கவைத்து, சாய்ந்து கிடந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்படித்தான் என் மகள் பிறந்தாள். இவரோடு போன டிரைவர் மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்து, "அவரு அப்பறமா வருவாருங்க" என்று வாசலோடு சொல்லிவிட்டுப் போனார். மரத்தையெல்லாம் அப்புறப்படுத்திப் பஸ் ஓடத் தொடங்கிய பிறகுதான் இவர் வந்தார். குழந்தையைப் பார்த்தார், கண் கலங்கினார், காப்பி கேட்டார். அவ்வளவுதான்.

டிரைவருக்குக் கால் இருந்தது, இவருக்கு மட்டும் இல்லையா? பெண்டாட்டிக்கு இன்றோ நாளையோ என்று இருக்கும்போது எது அவரை அங்கே உட்காரவைத்தது? ஊர் வாய் சும்மா இருக்குமா? மலையில் ஒரு தொடுப்பு இருக்கிறது என்றுகூட என் காதுபடப் பேசினார்கள். அவராகச் சொல்லட்டும், நானாகக் கேட்க மாட்டேன் என்று வீம்பாக இருந்துவிட்டேன். டிரைவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மகளுக்கே கல்யாணமாகிப் பிள்ளை பிறந்துவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் எனக்குள் அப்படியே கிடந்தது.

இப்போது அவரே சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் நின்ற இடத்துக்குப் பக்கத்து வீட்டில் இவர்கள் ரெண்டு பேருக்கும் படுக்க இடம் கொடுத்தார்களாம். சாமைச் சோறும் கொள்ளுக் கடைசலும் போட்டார்களாம். ஓயாத மழை. மறுநாள் கதை கொஞ்சம் நகர்ந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். நான் மூச்சைக் கூடப் பார்த்துப் பார்த்து விட்டேன், எங்கே நிறுத்திவிடுவாரோ என்று.

"மழ வுட்டுச்சு. டிரைவரு, 'வாப்பா, நடந்தே எறங்கிடலாம், வூட்டுல புள்ளத்தாச்சி கீறா'ன்னாரு. நானும் செருப்ப மாட்டிக்கினேன். வாசலத் தாண்டல. அந்த வூட்டுக்காரரு ஓடியாந்து என் கைய புடிச்சிக்கினாரு..."

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன போன் அடித்தது. போர்டு வந்துவிட்டது. சாலை திறந்துவிட்டது, தெரிந்த கண்டக்டர் ஒருவர் சேலத்து வண்டியில் வாங்கிக்கொண்டு வந்து பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிறார். இவர் ஈரக்கையைக் கைலியிலேயே துடைத்துக்கொண்டு சட்டையை மாட்டினார்.

"ஏங்க, கைய புடிச்சாரே, எதுக்குங்க?"

"இரும்மே, வண்டி எடுத்துருவான். மீதிய நாளைக்கி சொல்றேன்."

மெக்கானிக் வரும்வரைகூடப் பொறுக்கவில்லை அவருக்கு. போனிலேயே அவரைப் பிடித்துவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். பிளக்கைப் பிடுங்கினார், தகட்டைக் கழற்றினார், எந்த ஒயர் எங்கே என்று படம் எடுத்துக்கொண்டார். பழைய போர்டை உருவிவிட்டுப் புதியதைப் பொருத்தி, படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு ஒயராகச் செருகினார். நான்தான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். பொத்தானை அழுத்தியதும் மெஷினுக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. அவர் சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டி, "ரைட்! போலாம்!" என்று கத்தினார். நானும் சிரித்தேன். என்னத்தைச் சொல்ல, நானும்தான் சிரித்தேன்.

மறுநாள் தொட்டியில் பாத்திரம் இல்லை. கூடத்தில் டிவி முன்னால் இருந்தவரிடம் போய், "நேத்து ஒண்ணு பாதியில நிறுத்திட்டீங்களே" என்றேன். "அது கெடக்கு, பழைய கத" என்றார். என் முகத்தைப் பார்த்தால் அவருக்கு அது வரவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு நாள் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மறுபடியும் நின்றுபோச்சு என்று பொய் சொன்னேன். அவர் பாத்திரம் தேய்க்கிற நாரை எடுப்பார் என்று பார்த்தால், ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்தார்! பிளக்கைக் கண்டதும், "உனக்கு வயசாய்க்கினு வருதும்மே" என்று சிரித்துவிட்டுச் செருகினார். அதற்கு மேல் நான் என்ன செய்ய?

அடுத்த வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போய்விட்டது. மெதுவாக வரும் என்றார் டாக்டர். வந்தது ஒரே ஒரு சொல். பசிக்கிறதா என்றாலும் வலிக்கிறதா என்றாலும் "ரைட்" என்பார். தப்பாக வருகிறது என்று அவருக்கே தெரியும்போலிருக்கிறது, தலையை ஆட்டிவிட்டு மறுபடி முயல்வார். மறுபடியும் அதே சொல்தான் வரும்.

மகள் ஒரு முறை என்னைக் காரில் வெள்ளிமலைக்கு அழைத்துக்கொண்டு போனாள். பஸ் நின்ற இடத்தில் கடைகள் வந்துவிட்டன. எந்த வீட்டைக் காட்டி, யாரென்று கேட்பது? அங்கே டீ குடித்துவிட்டுத் திரும்பினோம்.

மெஷின் இன்றைக்கும் நன்றாகத்தான் ஓடுகிறது. அந்த போர்டுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனால் மத்தியானப் பாத்திரத்தை நான் அதில் போடுவதில்லை. அவரைத் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் துண்டை விரித்து, இடது கையில் துணியைக் கொடுக்கிறேன். இப்போது தேய்ப்பது நான், துடைப்பது அவர். விரல் எரிந்தால் எரியட்டும். ஜன்னலையும் சாத்துவதில்லை.

போன வாரம் ஒரு நாள், அவர் முகத்தைப் பார்க்காமல், தட்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டேன். "டிரைவரு கெளம்பிட்டாரு. நீங்களும் செருப்ப மாட்டிக்கினீங்க. அந்த வூட்டுக்காரரு வந்து கைய புடிச்சாரு. அப்பறம் இன்னாங்க ஆச்சி?"

பக்கத்தில் துணியின் சத்தம் நின்றது. அவர் எதையோ சொல்லத் திரட்டினார். தொண்டையில் ஒரு உறுமல் வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வராது என்று எனக்குத் தெரியும்.

"ரைட்" என்றார். பிறகு, தேம்பிக்கொண்டே, "ரைட்... ரைட்..."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை அலசி அவரிடம் நீட்டினேன்.