கல் நிறுத்தக் கூடாத இடம்

முதல் நாள்

கனடாவில், ரெக்ஸ்டேலில் கல்லறைக் கல் செய்யும் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தபோது, சொந்தக்காரர்களிடம் கிச்சின் கவுண்டர்ரொப் செய்யும் கொம்பனி என்றுதான் சொன்னேன். இரண்டுக்கும் கருங்கல்தான், இரண்டையும் பொலிஷ் பண்ணத்தான் வேண்டும், ஆகவே அது முழுப் பொய்யில்லை. நாங்கள் செத்தவரை எரித்துச் சாம்பலைத் தண்ணீரில் விடுகிற ஆட்கள். சுடலை வேலை என்று தெரிந்தால் என் கையால் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடிக்கவும் யோசிப்பார்கள். என் கணவருக்கு மட்டும் உண்மை தெரியும்.

"உள்ளுக்கை வரமுன்னம் கராஜுக்கை உடுப்பை மாத்திப்போட்டு வாரும்" என்றார்.

முதலாளி எர்வின், ஜேர்மன்காரர். கல்லறைச் சிற்பத்தைத் தன் நாட்டில் முறையாகப் படித்துவிட்டு இளம் வயதில் கனடாவுக்கு வந்தவர். அவர் பேசிய இங்கிலீசை இங்கே எங்கள் பேச்சுத் தமிழில்தான் எழுதுகிறேன். அவருக்கு அது பொருந்தும். சர்க்கரை போட்டுப் பேச அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

"படம் கீறுவியோ?"

"ஓம், பள்ளிக்கூடத்திலை கீறினனான்."

"அப்ப எழுத்து வெட்டு. முகத்திலை மட்டும் கை வையாதை. முகம் என்ர வேலை."

எழுத்து வெட்டுவது என்றால் உளியால் இல்லை. கல்லின் மேல் ரப்பர் ஸ்டென்சில் ஒட்டி, பெயரையும் திகதியையும் பிளேட்டால் வெட்டி எடுத்துவிட்டு, திறந்த இடத்தில் மணலை வேகமாகப் பீய்ச்சி சாண்ட்பிளாஸ்ட் அடிப்பது. அன்றைக்கே அவர் எனக்கு இன்னொன்றும் சொன்னார். செத்தவர்களைப் புதைக்கிற சேமக்காலையின் ஒஃபிஸிலிருந்து பெர்மிட் வருமுன் எந்தக் கல்லையும் தொடக் கூடாது. ஒவ்வொரு சேமக்காலைக்கும் ஒவ்வொரு சட்டம், செய்த பிறகு மாற்ற முடியாது.

"முதல் பெர்மிட். பிறகுதான் உளி" என்றார். அவரோடு வேலை செய்த காலம் முழுக்க இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிற்று.

ஒரே முகம்

மத்தியானம் அவர் மனைவி ஹில்டா சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தார். பட்டறையின் ரெலிஃபோனுக்குப் பதில் சொல்வதும் அவர்தான். எனக்குக் கை தந்தபோது, இந்த அம்மாவை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். திரும்பினால் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கல்லில் அதே மூக்கு, அதே நாடி. தலையைச் சரித்து அழுகிற சம்மனசு, வேதக்காரரின் சிறகு வைத்த தேவதை. வயது மட்டும் இருபது.

எர்வினின் சம்மனசுகளுக்கெல்லாம் ஹில்டாவின் முகம்தான். கல்யாணம் கட்டின புதிதில் மனைவியை ஸ்டூலில் இருத்திக் களிமண்ணில் ஒருமுறை அச்சாகச் செய்து வைத்தார். பிறகு அதைப் பார்த்துப் பார்த்தே எல்லாவற்றையும் செதுக்கினார். இத்தாலியன் குடும்பம் வந்தாலும் அதே முகம், போர்த்துக்கேயர் வந்தாலும் அதே முகம். வாங்கியவர்களுக்கு நல்ல விருப்பம். எர்வினுக்குப் பெருமை.

ஹில்டா ஒருநாள் சூப் ஊற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"சுகந்தி, இந்த ஊரிலை ஆரெண்டு தெரியாத சனத்துக்கெல்லாம் நான் அழுதுகொண்டு நிக்கிறன். மழைக்கையும் நிக்கிறன், ஸ்னோவுக்கையும் நிக்கிறன். என்னை ஆரும் கேட்டதில்லை."

எர்வின் பலமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஹில்டா சிரித்தாரா என்று நாங்கள் பார்க்கவில்லை.

பிளாட் செக்ஷன்

புதுச் சேமக்காலைகளில் பிளாட் செக்ஷன் என்று ஒன்று உண்டு. அங்கே கல்லை நிமிர்த்தி வைக்க முடியாது. நிலத்தோடு நிலமாகப் படுக்க வைக்க வேண்டும், அதன் மேலால் புல் வெட்டும் மெஷின் ஓடும். புதைக்க இடம் வாங்கும்போது சனம் இதைக் கவனிப்பதில்லை. பிறகு எங்களிடம் வந்து, அம்மாவுக்கு ஒரு சிலுவையாவது எழுப்பித் தாருங்கள் என்று அழும்.

எர்வின் அசைய மாட்டார். "சட்டம் சட்டம்தான். படுக்கிற கல்லிலை பூ ஒண்டு வெட்டித் தாறன், அவ்வளவுதான்."

அழுகிற ஆளுக்குக் கண் துடைக்க ரிஷு பெட்டியைத் தள்ளிவிடுவது ஹில்டா.

பெர்மிட் இல்லாத கல்

ஹில்டா ஒரு தை மாதம் இறந்தார். தனக்கும் புருஷனுக்குமான இடத்தை அவரே எப்போதோ வாங்கி வைத்திருந்தார். மிசிசாகாவில் இருக்கும் மகள் கரின் மற்றக் காரியங்களைப் பார்த்தாள். அடக்கத்தன்று நிலம் முழுக்க வெள்ளை. சுற்றிவரக் கல் நிற்கிறதா இல்லையா என்று பார்க்கிற நிலையில் எர்வின் இல்லை. நானும் பார்க்கவில்லை.

அடுத்த கிழமையே அவர் ஒரு சாம்பல் கருங்கல்லை இறக்கினார். நிலம் இளகும்வரை பவுண்டேஷன் போட முடியாது, பெர்மிட்டை வசந்தத்தில் எடுக்கலாம் என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்தது எனக்கு ஆச்சரியம். ஆனால் பெண்சாதியைப் புதைத்துவிட்டு வந்த மனுசனுக்கு யார் சட்டம் சொல்வது? 

குளிர்காலம் முழுக்கச் செதுக்கினார். மேல் பாதியில் சம்மனசு. கீழ்ப் பாதியில் ஹில்டாவின் பெயரும், பக்கத்தில் தன் பெயருக்கு வெற்றிடமும். அந்த எழுத்தை மட்டும் என்னிடம் தந்தார். முகத்தைப் பார்த்தேன். அதே இருபது வயது.

"கடைசியா இருந்த மாதிரிச் செய்யேல்லையோ?" என்று கேட்டேன்.

"அவ எப்பவும் இப்பிடித்தான்" என்றார்.

அவர் செய்ததிலேயே சிறந்த வேலை அது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரமணன் சொன்னது

சித்திரையில் பெர்மிட்டுக்காக இரண்டு பேரும் சேமக்காலை ஒஃபிஸுக்குப் போனோம். அங்கே வேலை செய்கிறவன் ரமணன் என்று எங்கள் தமிழ்ப் பெடியன், விட்பியிலிருந்து ட்ரெயினில் வந்து போகிறவன். எர்வின் கொடுத்த டிரோயிங்கைப் பார்த்துவிட்டு அவன் என்னிடம் தமிழில் பேசினான்.

"அக்கா, இது பிளாட் செக்ஷன். நிமித்தேலாது."

"தம்பி, இந்தச் சேமக்காலையிலை நிக்கிற கல்லிலை அரைவாசி இவர் செய்தது. அவற்ர மனிசிக்கு ஒண்டு விடேலாதோ?"

"ஒராளுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் வருவினம்."

"அப்ப வேற செக்ஷனுக்கு மாத்தித் தாரும்."

அவன் எர்வினைப் பார்த்தான். பிறகு குரலைத் தணித்தான். "உதை எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை அக்கா. அந்த அம்மா தானே வந்து இடம் பாத்தவ. நான்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினனான். மரத்துக்குக் கீழை நல்ல இடம் இருந்தது, நிமிந்த கல்லும் வைக்கலாம். அதை வேண்டாமெண்டிட்டா. கல்லு நிறுத்தக் கூடாத இடம் எது, அதைக் காட்டு எண்டு கேட்டவ."

"என்ன சொல்லுறான்?" என்றார் எர்வின்.

ரமணன் இங்கிலீசில் எல்லாவற்றையும் சொன்னான். நல்ல பிள்ளை, ஒன்றையும் கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை.

"பகிடிக்குக் கேட்டிருப்பா" என்றார் எர்வின்.

"இல்லை சேர். ஏனெண்டு நான் கேட்டனான். 'நான் நிண்டது காணும், இனிப் போதும்' எண்டு சொன்னவ."

எர்வின் டிரோயிங்கைச் சுருட்டினார். ரப்பர் பாண்டை மேசையிலேயே விட்டுவிட்டு நடந்தார், நான் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

வெட்டு

பட்டறைக்குள் வந்ததும், "கீழ்ப் பாதியை வெட்டி எடு. அதைப் படுக்க வைப்பம்" என்றார்.

கல் அறுக்கும் பெரிய வாள் மெஷினை ஓட்டுவதும் என் வேலை. மெஷின் ஓடும்போது அவர் பக்கத்தைவிட்டுப் போனதே கிடையாது. அன்றைக்கு வெளியே பார்க்கிங்கில் போய் நின்றார். நான் தண்ணீரைத் திறந்துவிட்டு, சம்மனசின் காலுக்குக் கீழே கோடு பிடித்து வெட்டினேன். கல் நேராக வந்தது.

பெயர் இருந்த துண்டை ஹில்டாவின் மேல் படுக்க வைத்தோம். அவர்கள் நாட்டில் கல்லறை என்றால் ஒரு சின்னத் தோட்டம், செத்தவரின் ஆட்களே நட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். எர்வினும் செடி வாங்கி நட்டார். புல் வெட்டுகிறவர்கள் பிடுங்கினார்கள். திரும்ப நட்டார், திரும்பப் பிடுங்கினார்கள். கடைசியில் பூவாளியோடு போய் வெறும் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார்.

மேல் பாதி

சம்மனசு இருந்த துண்டு பட்டறையின் பின்பக்கத்தில் மழைக்கு மூடும் தறப்பாளுக்குக் கீழே கிடந்தது. எர்வினுக்குக் கால் விழுந்து நடக்க ஏலாமல் போனதும் கரின் அவரை மிசிசாகாவில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டுப் பட்டறையை விற்றாள். கல், மெஷின், நான், எல்லாம் சேர்த்துத்தான் கைமாறியது.

நான் கரினுக்குப் போன் எடுத்தேன். "அந்தத் துண்டை மட்டும் விக்காதை. உன்ர அம்மாவுக்கு அது விருப்பமில்லை."

"சுகந்தி, அது கல்லு. அம்மா இல்லை" என்றாள்.

அவள் சொன்னதில் பிழையில்லை. எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை.

வாங்க வந்தவர்களும் எங்கள் சனம்தான், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பம். தறப்பாளைத் தூக்கிய உடனே அந்த அன்ரி, இதுதான் வேணும் என்றார். புது முதலாளி அடியில் ஒரு பேஸ் வைத்துத் தந்தார். அன்ரியின் புருஷனுடைய பெயரை அந்த பேஸில் நான்தான் தமிழில் வெட்டினேன். நிறுத்தப் போனவளும் நான்தான்.

அன்ரி சம்மனசின் கன்னத்தைத் தடவினார். "ஆரின்ர முகம் பிள்ளை இது? உண்மையான ஆள் மாதிரிக் கிடக்கு."

"ஒரு அம்மாவின்ர, அன்ரி."

"எங்கட மனுசனுக்காக அழுறா. அவவுக்குப் புண்ணியம் கிடைக்கட்டும்."

நான் ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்த ஞாயிற்றுக்கிழமை எர்வினைப் பார்க்கப் போனேன். அவரே கேட்டார், மேல் பாதி என்னவாயிற்று என்று. விற்றுப்போட்டார்கள், ஒரு சேமக்காலையில் நிறுத்தியாயிற்று என்றேன். கோபிப்பார் என்று நினைத்தேன். மனுசனுக்கு முகம் மலர்ந்தது.

"நேரா நிக்குதோ?"

"ஓம், நேரா நிக்குது."

"எனக்குத் தெரியும்," என்றார். "அவ நல்லா நிப்பா."

அன்றைக்குப் பிறகு நான் அவரைப் பார்க்கப் போகவில்லை. போகச் சொல்லி மனம் சொல்லவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளம் ஆட்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. வாடிக்கையாளர் வந்தால் கல்லின் நிறத்தையும் அளவையும் பிறகு கேளுங்கள். செத்தவர் என்ன கேட்டவர் என்று முதலில் கேளுங்கள். நான் இப்போது அப்படித்தான் கேட்கிறேன். பாதிப் பேர் விழிக்கிறார்கள். முதல் பெர்மிட், பிறகுதான் உளி என்று எர்வின் சொன்னது சரி. பெர்மிட்டை யாரிடம் வாங்க வேண்டும் என்பதுதான் அந்த மனுசனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.