முழுக் கனம்

நடனக் குழுவில் அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். கற்றுக்கொடுத்ததால் வந்த பெயர் இல்லை, அதட்டியதால் வந்தது. வயது ஐம்பத்து மூன்று; வலது முழங்காலில் அறுவைத் தழும்பு. இருபத்து மூன்று வயதில் சேர்ந்தபோது, குட்டையாக இருக்கிறாள் என்று கடைசி வரிசையில் நிறுத்தினார்கள். அங்கே நின்று மற்றவர்களின் முதுகுகளைப் பார்த்துப் பார்த்தே ஆட்டம் அமைக்கக் கற்றுக்கொண்டாள். பதினோரு படைப்புகள் மேடை ஏறின. பன்னிரண்டாவதில்தான் சண்டை.

அதன் கரு வீட்டிலேயே கிடைத்தது. அண்ணனுக்குப் பக்கவாதம், ஆள் தொண்ணூறு கிலோ. மூன்று வருடமாகக் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் அவள்தான் மாற்றுகிறாள். அவன் இடுப்பில் பிடித்துத் தூக்க ஒரு பட்டி, அவன் முழங்காலுக்குத் தன் இடது முழங்காலால் முட்டு, மூன்று எண்ணி எழுப்பு. முதுகை வளைத்தால் தொலைந்தது.

"ஆட்டக்காரி, போட்டுடாதே. உடைஞ்சா உனக்குத்தான் வேலை கூடும்" என்பான் அண்ணன்.

"வாயை மூடிட்டு நல்ல காலை ஊணு."

ஒத்திகையில் இதைச் செய்யச் சொன்னால் ஒருவருக்கும் வரவில்லை. தூக்குகிறவருக்கு உதவியாக, தூக்கப்படுகிறவரும் ஓர் எம்பு எம்பிவிடுவது ஆட்டக்காரர்களின் பழக்கம். அதனால்தான் பறப்பது போலத் தெரியும். எம்பாதே என்றால் விறைத்தார்கள். விறைக்காதே என்றால் எம்பினார்கள்.

ஏணி என்று பட்டப்பெயர் வாங்கிய நெட்டையன் நொந்துபோனான். "பொணமாட்டம் கிடக்கணுமா டீச்சர்?"

"பொணம் இல்லடா, உசிரோட இருக்கிற கனம். என்னைத் தூக்கு, தெரியும்."

மல்லாந்து படுத்தாள். ஏணி பாதி தூக்கி, திணறி, அப்படியே நின்று மூச்சு வாங்கினான். ஒத்திகைக் கூடத்தில் மற்றவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு நெருங்கி வந்து பார்த்தார்கள். இனி அந்த இடத்தில் தானே கிடப்பது என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

அரங்க மேலாளர் ஒத்திகை பார்க்க வந்தார். "பன்னெண்டு நிமிஷமா தூக்கிட்டே இருக்காங்க! ஜனங்க பறக்கிறதைப் பாக்க வர்றாங்கம்மா, ஆஸ்பத்திரியைப் பாக்க இல்ல. அந்தப் பகுதியை எடுத்துடுங்க."

"எடுக்க மாட்டேன்."

"சரி, ஒரு சின்னப் பொண்ணையாவது படுக்க வைங்க."

"சின்னப் பொண்ணு எம்பிடும் சார்."

"முதல் நாள் சொதப்பினா ரெண்டாம் நாள்லேருந்து பழைய ஆட்டம்தான். சொல்லிட்டேன்."

"போடுங்க. அதுல என் பேரு மட்டும் இருக்கக் கூடாது."

முதல் நாள் அண்ணனும் சக்கர நாற்காலியில் வந்து முன்வரிசையில் இருந்தான். தூக்கும் இடம் வந்தது. ஏணி அவளைப் பாதி எழுப்பினான். கை வழுக்கியது. அவன் முட்டி நடுங்குவது அவள் விலாவில் தெரிந்தது. ஒரு சின்ன எம்பு போதும், தப்பித்துவிடலாம். முப்பது வருடப் பழக்கம் கெண்டைக்காலில் துடித்தது. அவள் காலைத் தொங்கவிட்டாள்.

முன்வரிசையிலிருந்து அண்ணன் கத்தினான். "முதுகை வளைக்காதடா! முட்டியைக் குடு! அவ கனம்டா!"

நாலு பேர் சிரித்தார்கள். ஏணி முதுகை நிமிர்த்தி, முட்டி கொடுத்து, முழுக் கனத்தையும் தூக்கி நின்றான். சிரிப்பு நின்றது. பிறகு வந்த கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

திரைக்குப் பின்னால் மேலாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "ஆட்டம் இருக்கட்டும். அந்தக் கத்தின ஆளை நாளைக்கு உள்ளே விடாதீங்க."

"நாளைக்கும் வருவான் சார். அதே முன்வரிசைதான்" என்றாள் டீச்சர், முழங்காலுக்கு ஐஸ் பையைக் கட்டிக்கொண்டே.